முறுக்குக் கடை இணையதளத்தில் ஜப்பானிய எழுத்து வந்தால்

கேள்வி சுருக்கமாக இதுதான். மணப்பாறைப் பக்கம் முறுக்கு, சீடை, நெய்ப் பலகாரம் செய்து விற்கும் குடும்பம். நாலைந்து வருடம் முன்பு தெரிந்த பையன் ஒருவர் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இணையதளம் செய்து கொடுத்தார். இப்போது கூகுளில் கடைப் பெயரைத் தேடினால் கைப்பை, கடிகாரம் என்று ஜப்பானிய எழுத்தில் என்னென்னவோ வருகிறது. தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாகவே தெரிகிறது. ஆனால் தளம் வழியாக வரும் என்கொயரி ஏறக்குறைய நின்றுவிட்டது. தீபாவளிக்குள் என்ன செய்யலாம், அதற்குப் பிறகு எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் தளம் ஹேக் ஆகியிருக்கிறது. பயப்பட வேண்டாம், இது மிகச் சாதாரணம். 'ஜப்பானிய கீவேர்ட் ஹேக்' என்று கூகுளே பெயர் வைத்து, சரிசெய்யும் வழியைத் தனியாக எழுதி வைத்திருக்கிறது. முறுக்குக் கடையின் மேல் யாருக்கும் பகை இல்லை. ஓட்டை உள்ள தளங்களைத் தேடி ரோபோ நிரல்கள் இரவும் பகலும் இணையம் முழுக்கச் சுற்றுகின்றன. ஓட்டை கிடைத்ததும் நுழைந்து, ஆயிரக்கணக்கில் பக்கங்களை உருவாக்கிவிடும். போலி பிராண்டுப் பொருள் விற்கும் கடைகளுக்கு ஆள் பிடிப்பதுதான் நோக்கம். உங்கள் தளம் கூகுளிடம் சில வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் நல்ல பெயரை ஓசியில் அனுபவிக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கண்ணுக்கு ஒன்றும் படாததற்கும் காரணம் உண்டு. கூகுளின் ரோபோ வந்தால் ஜப்பானியப் பக்கத்தைக் காட்டு, மனிதர் நேராக வந்தால் 'பக்கம் இல்லை' என்று சொல்லு என்று உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க, கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதுங்கள். கூகுளிடம் பதிவாகியிருக்கும் உங்கள் பக்கங்கள் வரும். எட்டுப் பக்கத் தளத்துக்கு எட்டாயிரம் முடிவு வந்தால் சங்கதி புரிந்துவிடும்.

அப்புறம் கூகுள் சர்ச் கன்சோல், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவி. இலவசம்தான். அதில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் கூகுளின் கண்ணுக்கு அது எப்படித் தெரிகிறது என்று காட்டும். அங்கே செட்டிங்ஸில் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். நுழைந்தவர்கள் பல நேரம் தங்களையும் ஒரு உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வார்கள். தெரியாத ஜிமெயில் முகவரி இருந்தால் நீக்குங்கள். அதோடு விட்டுவிடக் கூடாது. அவர்கள் தங்களை நிரூபிக்க உங்கள் ஹோஸ்டிங்கில் (தளத்தின் ஃபைல்கள் இருக்கும் வாடகை சர்வரில்) போட்டு வைத்த சின்ன சரிபார்ப்பு ஃபைல் ஒன்று அங்கேயே கிடக்கும். அதை அழிக்காவிட்டால் மறுபடி தங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சில சமயம் ஃபைலே கண்ணில் படாது. சர்வர் அமைப்பு ஃபைலில் ஒரு வரி மாற்றி, எந்தச் சரிபார்ப்பு கேட்டாலும் 'ஆமாம்' என்று பதில் போகும்படி செய்திருப்பார்கள். அதையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் வேலை. எது எது யார் பெயரில், யார் மெயிலில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, எந்த நிறுவனத்தில் பதிவானது, அந்தக் கணக்கின் மெயில் எது? ஹோஸ்டிங் யார் கணக்கு? வேர்ட்பிரஸ் அட்மின் யார் யார்? கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவு யாருடைய ஜிமெயிலில்? பேமென்ட் கேட்வே கணக்கில் ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போகிறது? நம் ஊரில் சின்னக் கடைகளின் தளங்களில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. செய்து கொடுத்த பையன் நல்லவராகவே இருப்பார். தன் கல்லூரிக் காலத்து மெயிலில் டொமைன் வாங்கியிருப்பார். இன்றைக்கு பெங்களூரிலோ துபாயிலோ வேலையில் இருப்பார். புதுப்பிக்கும் நினைவூட்டல் எல்லாம் அவர் திறக்காத பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

அவரிடம் பேசி டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே நிறுவனத்துக்குள்ளேயே கணக்கு மாற்றுவது எளிது. டொமைனைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வையுங்கள். டாட் காம் முகவரி காலாவதியான பிறகு, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து, அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான விலையில் மீட்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அப்போது தண்டம் பலமாக இருக்கும். அதற்குப்பின் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இதற்கெல்லாம் காத்திருக்காமல் முன்பே ஏலத்தில் விடும் நிறுவனங்களும் உண்டு. 'ஆட்டோ ரினியூ போட்டிருக்கிறேன்' என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகு, குறிப்பாக வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தியக் கார்டிலிருந்து போகும் ஆட்டோ டெபிட் பல இடங்களில் நடக்காமல் போனது. ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடுவது உத்தமம். டாட் காம், டாட் இன் இரண்டுமே பத்து வருடம் வரை அனுமதிக்கின்றன.

சரி, சுத்தம் செய்வது. இப்போதிருக்கும் நிலையிலேயே முழுத் தளத்தையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், கெட்டுப்போனதாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு வேர்ட்பிரஸின் மூல ஃபைல்களை முழுதாக நீக்கிவிட்டு அதிகாரபூர்வத் தளத்திலிருந்து புதிதாகப் போட வேண்டும். பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) இரண்டையும் அப்படியே, பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக. படங்கள் கிடக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பி.எச்.பி. ஃபைல் (சர்வரில் ஓடும் நிரல்) எதுவும் இருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. முறுக்குப் படங்களுக்கு நடுவே ஒன்று உட்கார்ந்திருந்தால் அதுதான் பின்வாசல். டேட்டாபேஸில் தெரியாத அட்மின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஹோஸ்டிங், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளும் இதில் சேர்த்தி. உங்கள் தளம் எட்டுப் பத்துப் பக்கம்தான் என்றால், இத்தனையையும் துருவித் துருவிச் சுத்தம் செய்வதைவிட எழுத்தையும் படத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்கில் புதிதாகக் கட்டுவது பல நேரம் சீக்கிரம் முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எந்தப் பக்கத்துக்கு வரலாம், வரக் கூடாது என்று கூகுளின் ரோபோவுக்குச் சொல்லும் robots.txt ஃபைலில் ஜப்பானியப் பக்கங்களைத் தடுத்துவிட்டால் கூகுள் மறந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். நேர் எதிராகத்தான் நடக்கும். கூகுள் மறுபடி வந்து, அந்த முகவரியில் ஒன்றும் இல்லை என்று தானே பார்த்தால்தான் பட்டியலிலிருந்து எடுக்கும். வாசலிலேயே நிறுத்திவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? சர்ச் கன்சோலில் உள்ள நீக்கும் வசதியும் சுமார் ஆறு மாதத்துக்குத்தான் மறைக்கும். சுத்தம் செய்த பிறகு அந்த முகவரிகள் எல்லாம் 404 அல்லது 410 ('பக்கம் இல்லை') என்று பதில் தர வேண்டும், அவ்வளவுதான். பட்டியல் சுத்தமாகச் சில வாரம் ஆகும். தீபாவளிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்றால் இன்றே தொடங்குங்கள்.

எப்படி நுழைந்திருப்பார்கள்? பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் வழக்கமான வழிகள் சில உண்டு. முதல் சந்தேகம், காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை எங்கேயோ இலவசமாக இறக்கிப் போட்டிருப்பது. டபிள்யூ.பி.-வி.சி.டி. என்ற மால்வேர் (தீய நிரல்) பரவியதே இப்படி இலவசமாகக் கிடைத்த திருட்டுத் தீம்களில் ஒளிந்துதான். காசு கொடுத்து வாங்கிய தீமிலும் ஒரு கண்ணி உண்டு. 2014-இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகினில் பெரிய ஓட்டை வெளியானபோது அதிகம் மாட்டிக்கொண்டவர்கள், அப்படி ஒரு பிளகின் தங்கள் தளத்தில் இருப்பதே தெரியாதவர்கள். தீமோடு சேர்ந்து வந்ததால் அவர்களுக்கு அப்டேட் அறிவிப்பே வரவில்லை. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் என்ற பிளகினில், லாகின் செய்யாமலேயே யார் வேண்டுமானாலும் ஃபைலைப் போடலாம் என்ற அளவுக்கு ஓட்டை. அப்போது அது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. 2024 நவம்பரில் ரியலி சிம்பிள் செக்யூரிட்டி. பெயரே பாதுகாப்பு, 40 லட்சத்துக்கு மேல் தளங்கள், ஓட்டை இருந்ததோ இரட்டைச் சரிபார்ப்பு வசதியில். வேர்ட்பிரஸ் தரப்பே தலையிட்டு அப்டேட்டைக் கட்டாயமாகத் தள்ள வேண்டியதாயிற்று.

இதனால்தான் பாதுகாப்புக்கு என்று இன்னொரு பிளகின் போடுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இருப்பதைக் குறைப்பதில் இருக்கிறது. விசிட்டர் கவுன்ட்டர், பனி கொட்டும் எஃபெக்ட், யாரும் பார்க்காத ஸ்லைடர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். டீஆக்டிவேட் செய்தால் போதாது, டெலீட் செய்ய வேண்டும். செயலில் இல்லாத பிளகினின் ஃபைலும் சர்வரில்தான் கிடக்கும். மிச்சம் இருப்பதற்கு ஆட்டோ அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின் பட்டியலிலேயே அதற்கு வசதி உண்டு. அப்டேட்டால் தளம் உடைந்துவிடுமே என்று தயங்குவார்கள். உடையலாம்தான். உடைந்த தளத்தை பேக்கப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் நிமிர்த்தலாம். ஹேக் ஆன தளத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது பார்க்கத்தான் போகிறீர்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சி-பேனல் பக்கத்தில் பி.எச்.பி. பதிப்பையும் பாருங்கள். 7.4 என்றிருந்தால் அதற்குப் பாதுகாப்பு அப்டேட் 2022 நவம்பரோடு நின்றுவிட்டது.

பேக்கப் பற்றிச் சுருக்கமாக. ஹோஸ்டிங் கம்பெனி எடுப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வேறொரு இடத்தில், உதாரணமாகக் கடையின் கூகுள் டிரைவில், ஒரு பிரதி தானாகப் போய்ச் சேரட்டும். அதிலிருந்து ஒரு முறையாவது தளத்தை மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

பாஸ்வேர்டில் எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் படம் ஏற்றும் பெண்ணுக்கு அட்மின் லாகின் கொடுக்காமல் எடிட்டர் லாகின் கொடுங்கள். டொமைன் முதலிய கணக்குகள் இருக்கும் ஜிமெயிலுக்கும் அட்மின் லாகினுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போடுங்கள். ஜிமெயில் போனால் மற்ற எல்லாம் பின்னாலேயே போகும்.

தளத்துக்கும் வாடிக்கையாளர் போனுக்கும் இடையே போகும் விவரத்தைப் பூட்டி அனுப்பும் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் விஷயத்தில் ஒன்று. 2018 ஜூலையிலிருந்து குரோம், எஸ்.எஸ்.எல். இல்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று முத்திரை குத்துகிறது. அதனால் எல்லோரும் போட்டுவிட்டார்கள். ஆனால் வருடா வருடம் காசு வாங்கிக்கொண்டு கையால் போட்டுத் தரும் சான்றிதழை யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சான்றிதழின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். 2026 மார்ச்சிலிருந்து 200 நாள், 2027-இல் 100, 2029-இல் 47. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ள ஹோஸ்டிங்தான் இனி சரிப்படும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழே போதும். அவர்களும் காலாவதி நினைவூட்டல் மெயிலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். அதனால் புதுப்பித்தல் தானாக நடக்கிறதா என்று நீங்கள்தான் எப்போதாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி, என்கொயரி நின்றுபோனது. ஹேக் மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் தளத்தில் உள்ள 'தொடர்புக்கு' படிவத்தை வேறொரு போனிலிருந்து நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். மெயில் வருகிறதா? ஸ்பாமில் கிடக்கிறதா? வேர்ட்பிரஸ் சர்வரிலிருந்து நேராக அனுப்பும் மெயிலுக்கு 'இது இன்னார் அனுப்பியதுதான்' என்ற சான்று பெரும்பாலும் இருக்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. டொமைன் அமைப்பில் அந்தச் சான்றாக இருக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைப் போட்டு, படிவ மெயிலை எஸ்.எம்.டி.பி. (முறையான மெயில் சர்வர்) வழியாக அனுப்பச் சொல்லுங்கள். படிவத்தை நிரப்பியவருக்கு 'நன்றி, அனுப்பப்பட்டது' என்றே தெரியும். பதில் வராததைப் பார்த்து அவர் வேறு கடைக்குப் போயிருப்பார். உங்களுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. மெயிலோடு வாட்ஸ்அப் பொத்தானும் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பலகாரம் வாங்க வருபவருக்குத் தளத்தில் வேண்டியது நாலைந்துதான்: கிலோ என்ன விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த எண்ணெய், எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாளில் வரும். 'எங்கள் பாரம்பரியம்' என்று நாலு பத்தி எழுதிவிட்டு விலையைச் சொல்லாத தளங்கள்தான் அதிகம். விலை போட்டிருந்தால் அது இன்றைய விலையாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் பாக்கெட்டில் அடைத்த நம்கீன் (கார நொறுக்குத் தீனி) வகைக்கும் நெய்க்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பேப்பர் படித்த வாடிக்கையாளர் பழைய விலையைத் தளத்தில் பார்த்தால், குறைப்பைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்றுதான் நினைப்பார். தீபாவளி நேரத்தில் முகப்பில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும்: சென்னைக்கு எந்தத் தேதி வரை ஆர்டர் எடுப்போம், வெளி மாநிலத்துக்கு எந்தத் தேதி வரை. பண்டிகை முடிந்த மறுநாள் அதை எடுத்துவிடுங்கள். இரண்டு வருடம் முந்தைய தீபாவளிச் சலுகை இன்னும் முகப்பில் தொங்கினால் கடையே மூடிவிட்டார்கள் போல என்று தோன்றும்.

விலைப்பட்டியலை நோட்டீஸாக டிசைன் செய்து, அந்தப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றுவது நம் ஊரில் பெரிய வழக்கம். போனில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். 'கைமுறுக்கு ஒரு கிலோ விலை' என்று தேடுபவருக்கும் அது கிடைப்பது கடினம். யூனிகோடு தமிழில் எழுத்தாகவே போடுங்கள். அச்சகத்தில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் வைத்திருப்பதை நேராக ஒட்டினால் குப்பையாக வரும், மாற்றி ஒட்ட வேண்டும். படங்கள் வேண்டும்தான். ஆனால் கேமராவிலிருந்து வந்த 5 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றாமல் வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் 200 கே.பி.க்குள் அடங்கிவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கடை வைஃபையில் பார்க்காதீர்கள். விலை குறைந்த போன் ஒன்றில், பேருந்து நிலையத்தில் நின்று, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவைத் தளத்தைவிட அதிகம் பேர் பார்ப்பார்கள். அதில் போன் நம்பரையும் நேரத்தையும் மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்க முடியும், சில நேரம் அது ஏற்கப்பட்டும்விடும். போன் நம்பர் உங்களுடையதுதானா என்று அவ்வப்போது பாருங்கள். தளத்தில் போட்டிருக்கும் யூ.பி.ஐ. ஐ.டி., கியூ.ஆர். இரண்டையும் ஹேக் ஆன இந்த நேரத்தில் கண்டிப்பாக ஸ்கேன் செய்து, யார் பெயர் வருகிறது என்று சரிபாருங்கள். யாராவது ஏற்கெனவே வேறு கணக்குக்குப் பணம் போட்டிருந்தால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். பழைய பாக்கெட் கவர்களையும் ஒரு பார்வை பாருங்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்த 'பிசினஸ் டாட் சைட்' முகவரியை அச்சடித்திருந்தால், அந்தச் சேவை 2024 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது.

சட்டப் பக்கம் நீளமாகப் போக வேண்டாம். தளத்தில் நேராக விற்கிறீர்கள் என்றால், 2020-இன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி நிறுவனப் பெயர், முகவரி, குறைதீர்க்கும் பொறுப்பாளரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு உரிம) எண்ணையும் போடுங்கள், வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். வாடிக்கையாளர் விவரத்தைப் பொறுத்தவரை, வேண்டாததை வாங்காதீர்கள். முறுக்கு அனுப்பப் பிறந்த தேதி எதற்கு? 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். உங்களிடம் இல்லாத விவரம் திருடு போக முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு வேர்ட்பிரஸ் தேவையா? ஆர்டர் எப்படியும் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டேட்டாபேஸே இல்லாத ஐந்தாறு ஸ்டாட்டிக் (எழுதி வைத்ததை அப்படியே காட்டும்) பக்கங்கள் போதும். லாகின் பக்கம் இல்லை, பிளகின் இல்லை, ஹேக் ஆவதற்கான வழியும் ரொம்பக் குறைவு. குறை என்னவென்றால் விலை மாற்ற ஒவ்வொரு முறையும் தெரிந்த ஒருவர் வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். தளத்திலேயே பணம் வாங்கி ஆர்டர் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மாதச் சந்தாவில் கடை நடத்தித் தரும் சேவை ஒன்றுக்குப் போய்விடுங்கள், அப்டேட் தலைவலி அவர்களுடையது. மாதம் ஒரு முறை உட்கார்ந்து பார்க்க ஆள் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வேர்ட்பிரஸிலேயே இருங்கள். எதற்கு மாறினாலும் டொமைன் அதுவேதான். பழைய நல்ல பக்கங்களின் முகவரிகளை மட்டும் புதியவற்றுக்கு 301 ('நிரந்தரமாக இடம் மாறிவிட்டது') என்று திருப்பிவிடச் சொல்லுங்கள், ஜப்பானியப் பக்கங்களை எதற்கும் திருப்பக் கூடாது.